ஒரு கல் சுற்றும் நேரம்

ஆகாயத்தைப் பார்க்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. முதல் நாள் வந்தபோது நீங்கள் மொட்டைமாடிக்குப் போய்த் தொலைநோக்கி எங்கே என்று தேடினீர்கள். அப்போதே சொல்லியிருப்பேன், அதற்குள் படியேறிவிட்டீர்கள். எங்கள் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிகளும் டிவி குடைகளும்தான் இருக்கின்றன. மாட்டுங்காவில் தெரியும் நட்சத்திரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு சிறுகோளைக் கண்டுபிடிக்க ஆகாயம் தேவையில்லை. முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி, சுமாரான ஒரு கம்ப்யூட்டர், அவசரப்படாத கண் இருந்தால் போதும்.

நடந்ததைத் தமிழிலேயே எழுதித் தரலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்று சொன்னீர்கள். அது எனக்குச் சௌகரியம். இன்ஷூரன்ஸ் ஆபீசில் காலமெல்லாம் இங்கிலீஷில் கடிதம் தட்டியவள் நான். இந்தியும் மராத்தியும் பேசுவேன். ஆனாலும் ஒரு விஷயத்தைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டுமென்றால் எனக்குத் தமிழ்தான் வரும். எங்கள் கட்டிடத்து வாட்ச்மேன் சாய்நாத் விஷயத்தில் ஒரு பிழை நடந்திருக்கிறது. அதைத் திருத்துவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் நாகலக்ஷ்மி. வயது அறுபத்தேழு. கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் முதல் மாடியில் தனியாக இருக்கிறேன். என் கணவர் சங்கரன் ஒரு பாங்கில் அதிகாரியாக இருந்தவர். நல்ல மனிதர். கோபித்துப் பேசியதே இல்லை. நான் ஏதாவது தப்பாகச் சொன்னால், தோளில் கை வைத்து, சிரித்த முகத்தோடு, "லக்ஷ்மி, அது அப்படி இல்லை" என்பார். என் இங்கிலீஷை, ரயில் நேரத்தை, ரசத்தில் புளியை, என் அப்பா இறந்த வருஷத்தைக்கூடத் திருத்தியிருக்கிறார். எல்லாமே அன்பாகத்தான். அவர் காலமான பிறகு வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் செம்பூரில் ஒரு வானியல் வட்டத்தில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையைத் திறந்து கொடுப்பார்கள். எங்கோ மலையுச்சியில் இருக்கும் பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்கள் எங்களைப் போன்ற வட்டங்களுக்கு வரும். ஆகாயத்தின் ஒரே துண்டைச் சற்று இடைவெளி விட்டு எடுத்த நான்கு படங்கள். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் மாற்றி மாற்றிக் காட்டினால் நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். கல் மட்டும் நகரும். நகர்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. பெரும்பாலும் எதுவும் நகராது.

அங்கேதான் இசக்கிசெல்வி எனக்கு ஜோடியாக அமைந்தாள். அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். தாராவியில் பிறந்து வளர்ந்தவள். பெற்றோருக்குத் திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ ஊர். செம்பூரில் ஒரு ஜூனியர் காலேஜில் பிசிக்ஸ் டீச்சர், எம்.எஸ்ஸி. படித்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பூமாரி என்ற தங்கையோடு இருந்தாள். சத்தமாகச் சிரிப்பாள், அறையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

எனக்கு அவளைப் பிடிக்கும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு யாராவது சாதி, தாராவி என்றெல்லாம் காரணம் கற்பிப்பார்கள். அவள் எத்தனையோ தடவை என் வீட்டுக்கு வந்து காபி குடித்திருக்கிறாள். அவளுக்கென்று தனி டம்ளர் எதுவும் வைத்ததில்லை. வீட்டில் எல்லா டம்ளரும் ஒரே மாதிரிதான். அவள் குடித்ததை மட்டும் அவள் போன பிறகு இன்னொரு முறை தேய்ப்பேன். அது சுத்தத்துக்காக.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் திரையில் ஒரு புள்ளி நகர்ந்தது.

"மாமி, இந்த ஓரத்துல ஒண்ணு நவுருது பாருங்க," என்றாள் செல்வி.

"தூசுடி," என்றேன்.

"தூசு நேர்கோட்டுலயா போவும்? நல்லாப் பாருங்க."

பார்த்தேன். நான்கு படத்திலும் இருந்தது. ஒரே வேகம், ஒரே திசை. மவுஸ் என் கையில் இருந்தது. புள்ளியின் மேல் அம்பைக் கொண்டுபோய் அழுத்தி அதன் இடத்தை அளந்தது நான். அறிக்கையை அனுப்பியதும் நான்தான். ஆகவே கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், கண்ணில் பட்டது அவளுக்கு, கண்டுபிடித்தது நான் என்று சொல்வது நியாயம். இருந்தாலும் அறிக்கையில் இரண்டு பேர் பெயரையும் போட்டேன். வயதில் மூத்தவள் என்பதால் என் பெயர் முதலில் வந்தது.

அந்தக் கல்லுக்குச் செல்வி வைத்த செல்லப்பெயர் புளியங்கொட்டை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் லட்சக்கணக்கான கற்கள் சூரியனைச் சுற்றும் பட்டை ஒன்று இருக்கிறது. எங்கள் கல் அந்தப் பட்டையின் நடுவில் இருக்கிறது. சூரியனை ஒரு முறை சுற்றிவர நாலரை வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. கரி மாதிரி கறுப்பு. மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஐந்து பங்கைத்தான் திருப்பி அனுப்பும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து குர்லா வரை உள்ள தூரம், சுமார் ஐந்து கிலோமீட்டர். பூமிக்கு அதனால் ஆபத்து இல்லை, உபயோகமும் இல்லை. ஆனால் உலகத்தில் அதை முதலில் பார்த்தது நாங்கள். பிறகு அதன் பாதையைப் பல வருஷம் பல இடங்களில் சரிபார்த்து, உறுதியானதும் நிரந்தர எண் ஒன்று கொடுப்பார்கள். எண் கிடைத்த பிறகு பெயர் வைக்கும் உரிமை கண்டுபிடித்தவர்களுக்கு. எங்கள் கல்லுக்குப் போன வருஷம்தான் எண் கிடைத்தது.

அதற்குள் நான் சும்மா இருக்கவில்லை. ஒரு கல் தன்னைத்தானே எவ்வளவு நேரத்தில் சுற்றுகிறது என்பதை அதன் வெளிச்சத்தை வைத்துச் சொல்லலாம். வெளிநாட்டில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு தொலைநோக்கியில் நேரம் எடுத்து, என் கல்லின் வெளிச்சம் ஏறுவதையும் இறங்குவதையும் அளந்தேன். ஏறி, இறங்கி, மறுபடி ஏற மூன்று மணி ஐம்பது நிமிடம். அதுதான் அது சுற்றும் நேரம். உருண்டையான கல்லில் வெளிச்சம் ஏன் ஏறி இறங்க வேண்டும் என்று யோசித்தேன். ஒரு பக்கம் மட்டும் வெளுப்பாக இருக்க வேண்டும். என்றோ ஏதோ மோதி, மேல்தோல் பெயர்ந்து, உள்ளே இருந்த வெளுப்பு வெளியே வந்திருக்கும். இதை நானே எழுதினேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு சிறு பத்திரிகையில் கட்டுரையாக வந்தது. செம்பூரில், சயானில், ஐரோலியில் கூப்பிட்டார்கள், போய்ப் பேசினேன். "வெளுத்த பக்கம்" என்பது என் பேச்சின் தலைப்பு. கேட்டவர்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என் தோளில் கை வைத்து அது அப்படி இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் கட்டிடத்தில் என்னைக் கல் மாமி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எண் கிடைத்ததும் பெயர் பற்றிப் பேச்சு வந்தது. கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது. அது அந்தத் துறையில் முறை கிடையாது. ஆனால் ஒருவர் பெயரை இன்னொருவர் சொல்லலாம். இதை நான் செல்வியிடம் இரண்டு மூன்று சந்தர்ப்பங்களில் விளக்கினேன்.

"தாராவின்னு வைப்போம் மாமி," என்றாள் அவள். "கறுப்பா, சின்னதா, கோணலா இருக்கு. ஆனா நிக்காம சுத்திக்கிட்டே இருக்குல்லா?"

"யோசிக்கலாம்," என்றேன்.

கோணல் என்று அவள் சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை. ஜூன் மாதம் அவள் வீட்டுக்கு வந்தபோதுதான் புரிந்தது. கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, டிவி ரிமோட்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இதைப் பாருங்க மாமி. இப்ப அகலம் தெரியுதா? இப்பத் திருப்புதேன். முனை மட்டுந்தான தெரியுது? இன்னும் திருப்புதேன். மறுபடியும் அகலம். அரைச் சுத்துதான் ஆயிருக்கு, அதுக்குள்ள ரெண்டு தடவை அகலம் வந்துட்டுல்லா."

"இதுக்கும் கல்லுக்கும் என்னடி?"

"நம்ம கல்லு உருண்டையா இல்லாம இந்த ரிமோட்டு மாதிரி நீளமா இருந்தா, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வெளிச்சம் ஏறும். நீங்க பாத்தது பாதிச் சுத்தோன்னு எனக்கு ஒரு சந்தேகம். அப்படின்னா ஏழு மணி நாப்பது நிமிசம். வெளுத்த பக்கம்னு ஒண்ணும் இருக்காது."

"சந்தேகத்துக்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. அளந்துண்டு வா," என்றேன்.

அளக்கமாட்டாள் என்று நினைத்தேன். காலேஜில் வேலை அதிகம், தொலைநோக்கி வாடகை வேறு.

ஜூலை கடைசி ஞாயிறு எனக்கு மாட்டுங்காவில் ஒரு பாராட்டு விழா ஏற்பாடாகியிருந்தது. தமிழ்ச் சங்கத்துக்காரர்கள், எங்கள் வட்டத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்த விழா. மேடையில் நான் பேச வேண்டியது வெளுத்த பக்கத்தைப் பற்றி. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமைதான் அந்த மழை. காலையிலேயே கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நின்றுவிட்டது. எங்கள் சந்தில் முழங்கால் வரை. வருஷா வருஷம் நடப்பதுதான். கட்டிடத்துச் சொசைட்டிக்காரர்கள் சொன்னதன் பேரில் சாய்நாத், காம்பவுண்ட் சுவரை ஒட்டி இருக்கும் மேன்ஹோலின் மூடியைத் தூக்கி நகர்த்தினார். தண்ணீர் வேகமாக இறங்க வேறு வழி கிடையாது. யாரும் தவறி விழக்கூடாது என்று ஒரு மூங்கில் கம்பில் சிவப்புத் துணி கட்டி, கம்பைக் குழிக்குள் நிறுத்தி, சுவரின் இரும்புக் கம்பியோடு நைலான் கயிற்றால் சேர்த்துக் கட்டினார். பால்கனியிலிருந்து பார்த்தேன். நிதானமாகக் கட்டினார்.

செல்வியிடமிருந்து போன் வந்தது.

"மாமி, காலேஜ் லீவு விட்டாச்சு. நான் உங்க வீட்டுக்கு வாரேன். அளந்துட்டேன். வெளிச்சக் கோட்டுல ரெண்டு மேடு வருது, ரெண்டும் ஒரே உயரம் இல்ல. ஒண்ணு ஒசரம், ஒண்ணு கொஞ்சம் கம்மி. ரெண்டு வேற வேற பக்கம்னு பளிச்சுன்னு தெரியுது. ஏழு மணி நாப்பது நிமிசந்தான் மாமி."

"இந்த மழையிலயா வரப்போறே? போன்லயே சொல்லிட்டயே, போறாதா?"

"போன்ல சொன்னா உங்களுக்கு மனசு ஆறாது. படத்தை வச்சுப் பேசுவோம்." குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "மாமி, இத நீங்களே மேடையில சொல்லிருங்க. 'நானே மறுபடி அளந்தேன், திருத்திக்கிட்டேன்'னு சொல்லுங்க. எம் பேரே வேண்டாம். நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன், சத்தியமா. உங்க பேர்லயே அனுப்பிருவோம். ஒங்களுக்கு ஒரு கொறையும் வரக்கூடாது."

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். அவள் சண்டை போட்டிருந்தால் நான் பொறுத்திருப்பேன். பத்திரிகைக்கு எழுதுவேன் என்று மிரட்டியிருந்தால், எழுது என்று சொல்லியிருப்பேன், பதிலும் எழுதியிருப்பேன். கல்லைத் தானே கண்டதாக உரிமை கொண்டாடியிருந்தால்கூடப் பேசித் தீர்த்திருக்கலாம். அவள் எனக்கு விட்டுக்கொடுத்தாள். முப்பத்தொன்பது வயதுப் பெண், தாராவியில் வளர்ந்தவள், போனிலேயே என் தோளில் கை வைத்து, எனக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். இதை நான் இன்னொரு முறை வாழ்ந்து கழிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

"சரி, ஜாக்கிரதையா வா," என்றேன்.

அதன் பிறகு கொஞ்ச நேரம் எனக்குச் சில்லறை வேலைகள் இருந்தன. கீழே போய் வந்தேன். புடவை நனைந்துவிட்டதால் மாற்றிக்கொண்டேன். காபிக்கு டிகாக்‌ஷன் இறக்கினேன். இரண்டு பேருக்குப் போதுமான அளவு இறக்கினேன் என்பதை இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன்.

இரண்டாவது போன் வந்தபோது பால்கனிக்குப் போனேன். சந்து முனையில் நீலக் குடையோடு அவள் நின்றாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். பஸ் சயானிலேயே நின்றுவிட்டதாம், அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

"மாமி, எங்கன நடக்கது? ரோடு எது, பள்ளம் எதுன்னே தெரியலியே. நடுவுல வரட்டா?"

"நடுவுல வேண்டாம், அங்கே ரோடைத் தோண்டிப் போட்டிருக்கா. சுவரோரமா வா. இடது பக்கம். அங்கே மேடு."

"வாட்ச்மேன காணுமே?"

"மழையில எங்கேயாவது ஒதுங்கியிருப்பார். நீ வா, நான் பார்த்துண்டுதான் இருக்கேன்."

கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தாள்.

"ஆமா மாமி, இங்கன ஆழமே இல்ல," என்றாள்.

அவள் கடைசியாகச் சொன்னது அதுதான். கூச்சல் எதுவும் போடவில்லை, அதற்கு அவகாசம் இருந்திருக்காது. போன் இணைப்பு அறுந்தது. குடை மட்டும் தண்ணீரில் மல்லாந்து மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எத்தனை சுற்று என்று நான் எண்ணவில்லை. பிறகு அதுவும் கேட் பக்கம் போய் ஒதுங்கியது. நான்தான் போலீசுக்குப் போன் செய்தேன். உடனே செய்தேனா என்று நீங்கள் கேட்கவில்லை. காபி குடித்துவிட்டுச் செய்தேன்.

அவள் உடல் மறுநாள் சாயந்திரம் கிடைத்தது. கம்ப்யூட்டர் இருந்த பை கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விழாவை நிறுத்திவிடலாமா என்று கேட்டார்கள். நிறுத்த வேண்டாம், அவளுக்கு அஞ்சலியாக நடத்தலாம் என்றேன். எல்லோரும் எழுந்து நின்று மௌனமாக இருந்தார்கள். மேடையில் நான் அந்தச் சிறுகோளுக்கு இசக்கிசெல்வி என்று பெயர் வைக்கப் பரிந்துரை செய்யப்போவதாக அறிவித்தேன். சபையில் பலர் அழுதார்கள். பிறகு வெளுத்த பக்கத்தைப் பற்றிப் பேசினேன். பெயர்க் குழுவுக்கு அனுப்ப வேண்டிய குறிப்பை நானே எழுதினேன். சின்னக் குறிப்புதான் அனுமதி. யோசித்து யோசித்து எழுதினேன். பொறாமை பிடித்தவள் இப்படி ஒரு காரியம் செய்வாளா என்று நீங்களே சொல்லுங்கள்.

பூமாரி போன வாரம் வந்தாள். அக்காவின் சாயல்தான், ஆனால் சத்தமாகப் பேசமாட்டாள். கூடத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அக்கா மழைன்னா நடுரோட்டுலதான் நடப்பா மாமி. எனக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கா. ஓரத்துலதான் மேன்ஹோல் இருக்கும், ஓரம் போவாதன்னு. ஏன் செவுத்தோரம் போனாளோ தெரியல."

"விதிம்மா," என்றேன்.

"அந்த வாட்ச்மேன் பொஞ்சாதி எங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்திருக்கு. ரெண்டு பிள்ளையளையும் கூட்டிக்கிட்டு. 'எம் புருசன் கம்பு கட்டினாரு, நல்லாக் கட்டினாரு, யாரும் நம்ப மாட்டேங்காங்க'ன்னு அழுவுது. என்ன மாமி செய்ய? கேஸ வாபஸ் வாங்க எனக்குத் தெரியாது. அக்கா இருந்தா சொல்லியிருப்பா."

காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரைத் தானே எடுத்துப்போய்க் கழுவி வைத்தாள். போகும்போது, "காலேஜ்ல அக்கா கூட வேலை பாக்குற சாரு ஒருத்தர் வந்தாரு. அக்கா கடைசியா ஏதோ அளந்தாளாமே, அதுக்குப் படமெல்லாம் இன்னும் அந்தத் தொலைநோக்கிக்காரங்ககிட்ட இருக்குமாம். எடுத்துத் திருத்தி அனுப்புவோம்னாரு. உங்ககிட்ட கேக்கச் சொன்னாரு," என்றாள்.

பார்க்கலாம் என்றேன்.

அவள் போன பிறகு, நீங்கள் பிடித்து வைத்திருக்கும் சாய்நாத்தை நினைத்தேன். பதினைந்து வருஷமாக எங்கள் கட்டிடத்தில் இருக்கிறார். அவர் கட்டிய முடிச்சு சரியில்லை, அதனால் கம்பு மிதந்து போய்விட்டது, அதனால் ஓர் உயிர் போயிற்று, வேலை நேரத்தில் இடத்திலும் இல்லை என்று உங்கள் காகிதத்தில் எழுதியிருக்கிறது. இந்த மூன்றும் தப்பு. செய்யாத தவறு ஒருவர் பேரில் நிற்பது எனக்குச் சம்மதமில்லை.

முடிச்சு மிக நன்றாக இருந்தது. அவிழ்க்கையில் எனக்கு நகம் ஒன்று உடைந்தது. காம்பவுண்டுக்கு உள்ளேயிருந்து, இரும்புக் கம்பிகளின் இடைவெளியில் கையை விட்டு அவிழ்த்தேன். ஈரத்தில் நைலான் கயிறு இறுகிவிடும். கடைசியில் சமையலறைக் கத்தியைக் கொண்டுவந்தேன், ஆனால் அதற்கு அவசியம் வரவில்லை, முடிச்சு அவிழ்ந்துவிட்டது. கயிற்றை அறுக்காமல் முழுதாக எடுத்துவிட்டேன். கம்பு மிதந்து எங்கும் போகவில்லை. என் பின்பக்கத்து பால்கனியில் இருக்கிறது. உயரத்தில் இருக்கும் கொடியில் துணி தூக்கிப் போட அது வசதியாக இருக்கிறது. நீங்கள் வந்தபோது அதில்தான் ஈரத் துண்டு தொங்கியது. சிவப்புத் துணியைத் துவைத்து மடித்து அலமாரியில் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன்.

சாய்நாத் இடத்தை விட்டுப் போனதும் அவர் குற்றம் இல்லை. மீட்டர் அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, ஷாக் அடிக்கும், போய் மெயினைப் பாருங்கள் என்று நான்தான் அனுப்பினேன். அங்கே தண்ணீர் இல்லை. அவர் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு வெகு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பூட்டு எப்போதும் சிக்கிக்கொள்ளும். திரும்பி வந்தவர் குழிப் பக்கம் பார்த்துவிட்டு, "மேடம், லக்டி கஹாங் கயீ?" என்று மேலே பார்த்துக் கேட்டார். கம்பு எங்கே என்கிறார். தெரியாது என்றேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கம்பு மிதந்து போனதைப் பார்த்தீர்களா என்று முதல் நாள் கேட்டீர்கள். பார்க்கவில்லை என்றேன். அது உண்மை. நான் எடுத்தேனா என்று நீங்களும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆகவே இதை என் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளுங்கள். சாய்நாத்தை மீட்டர் அறைக்கு அனுப்பியவள் நான். அவர் சரியாகக் கட்டிய கம்பை அவிழ்த்து எடுத்தவள் நான். இசக்கிசெல்வியைச் சுவரோரமாக வரச் சொன்னவள் நான். அங்கே குழி திறந்திருப்பது தெரிந்துதான் சொன்னேன். அவள் விழ வேண்டும் என்றுதான் சொன்னேன். இதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது. சாய்நாத்தை இன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன்.

பூமாரியிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலேஜ்காரர் எதையும் திருத்தி அனுப்ப வேண்டாம். நான் தப்பு செய்தால் ஒப்புக்கொள்கிறவள் என்பது இதைப் படிக்கும் எவருக்கும் விளங்கும். அந்தக் கல் உருண்டைதான். அதற்கு வெளுத்த பக்கம் ஒன்று உண்டு. அது தன்னைத்தானே ஒரு முறை சுற்ற ஆகும் நேரம் மூன்று மணி ஐம்பது நிமிடம்.